கீழிருந்து மேலே

கேபிளின் முனை துளைக்குள் ‘டிக்’கென்று உட்கார்ந்த அடுத்த நிமிடம், வீட்டிலிருந்த கொஞ்சநஞ்ச இணையமும் போய்ச் சேர்ந்தது.

அவள் மாடிப்படியில் நின்றபடி டேப்லெட்டைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கழுத்தில் அளவு நாடா, காலரில் இரண்டு குண்டூசி, கையில் சுத்தியல். காலை ஏழரைக்கு ஆரம்பித்த வேலை. கீழ் அறையிலிருந்து மாடி வரை சுவரோரமாகக் கேபிளை இழுத்து, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, கட்டைவிரலிலும் ஒன்று போட்டுக்கொண்டு, கடைசியில் இதுதான் மிச்சம். தையல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். ஒயர், ஸ்க்ரூ, ஃபியூஸ் எல்லாம் மாடியில் படுத்திருக்கிற மனிதரின் இலாகா. இருபத்தொன்பது வருடமாக அதில் அவளைக் கை வைக்க விட்டதே இல்லை.

“ரொம்ப நல்லா எழுதிக் குடுத்தீங்க போங்க,” என்று புலம்பிக்கொண்டே மேலே ஏறினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்குப் பெயரே லிஃப்டுதான். கட்டிலில் இப்போது பாதி ஆள்தான் கிடந்தார். மார்பில் வலி மருந்துப் பட்டை, தலைமாட்டில் தண்ணீர், கால்மாட்டில் ஜன்னல் வெளிச்சம். நேற்று வந்த நர்ஸம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “பக்கத்துலயே இருங்க” என்றாள்.

பக்கத்திலேயே எப்படி இருப்பது? மிஷின் கீழே, மேசையோடு சேர்த்துத் தரையில் இறுக்கியது. நாலு பேர் தூக்கினாலும் படி திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். அவரால் இறங்க முடியாது. திறப்பு விழா வைத்திருக்கிற ஹோட்டலுக்குப் பதினெட்டுத் திரை தைத்தாக வேண்டும். விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது, “ஒத்துக்கிட்ட வேலைய விட்டா, என்னைச் சாக்கு சொன்ன மாதிரி ஆயிரும். தைம்மா” என்று அவரே மறுத்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டி அவர் கூப்பிட்டிருக்கிறார். மிஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அரை மணி கழித்துப் போனபோது தண்ணீர்க் குவளை தரையில் உருண்டு கிடந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். தான் கீழே தைத்துக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் யாருமில்லாமல் போய்விடுவார்.

அவருக்கு வேறு குறை. “உன் மிஷின் சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது” என்பார். காற்றோட்டத்துக்காக மாடிக்கு மாறுவதற்கு முன், கீழே படுத்திருந்த காலத்தில் அடுத்த அறையில் அது ஓட ஓடத்தான் தூங்குவார், நின்றால் விழித்துக்கொண்டு, “என்ன, நூல் அறுந்துருச்சா?” என்று கேட்பார்.

இரண்டுக்கும் சேர்த்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிக்கையாளர்களுக்கு மாடல் காட்டுகிற டேப்லெட், சார்ஜரோடு மிஷின் மேசையில். சிம் எடுத்த பழைய போன் தலையணைப் பக்கத்தில். காலையில் ஒரு நெட் கால் போட்டுவிட்டுக் கட் பண்ணாமல் விட்டுவிட வேண்டியது. அவர் மூச்சு கீழே கேட்கும், அவள் மிஷின் மேலே கேட்கும். ஆனால் கீழ் ரவுட்டரின் சிக்னல் கான்கிரீட்டைத் தாண்டி மேலே வருவதற்குள் செத்துச் சுண்ணாம்பாகிவிடும். அதற்குத்தான் இன்னொரு ரவுட்டர். அவருடைய தங்கை தன் வீட்டில் புதுசு மாற்றியதும் பழையதைச் செருப்புப் பெட்டியில் போட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்திருந்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் அவர் அன்றைக்கே துணி வெட்டும் பழுப்புத் தாளில் ஏழு வரியாக எழுதி வைத்தார்.

அவள் அந்தத் தாளை இப்போது அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இருந்ததும் போச்சுங்க. கீழ்ப் பெட்டி, மேல் பெட்டி ரெண்டும் பேந்தப் பேந்த முழிக்குது.”

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “எதுலேர்ந்து ஆரம்பிச்ச?”

“மேலேர்ந்துதான். பின்ன?”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அவள் முதுகை நீவிவிட்டாள். எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது.

“தரைத்தளம் மேலயா இருக்கும், டெய்லரம்மா?” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லிஃப்ட் சோதித்த விவரத்தை அவர் நோட்டில் எழுதுவது எப்போதும் கீழிருந்து மேலேதான். தரைத்தளம் அடிவரி, அதற்கு மேல் முதல் மாடி, அதற்கு மேல் இரண்டாம் மாடி. முப்பது வருடம் அப்படியே பழகின கை.

“எந்த மனுஷன் அடியிலேர்ந்து எழுதுவான்? அட, ஒரு அம்பாவது போட்டிருக்கலாம்ல?”

“அம்பு எதுக்கு? மேல போறதுன்னா கீழேர்ந்துதானே போகணும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கேபிளைப் பிடுங்கிப் போட்டாள். அடிவரியில், ‘பின்பக்கத் துளையில் ஊசி. பத்து எண்ணு’ என்றிருந்தது. காலரிலிருந்து குண்டூசியை எடுத்து, மழுங்கின முனையைத் துளைக்குள் விட்டு அழுத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவளோடு சேர்ந்து எண்ணினார்.

“தரை, ஒன்னு, ரெண்டு, மூணு...”

அவள் பத்து என்றபோது அவர் ஒன்பதில்தான் இருந்தார். அவருக்காக இன்னொரு நொடி அழுத்திப் பிடித்தாள். விளக்கெல்லாம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தது.

டேப்பில் அந்தப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. அதன் விலாசத்தில் கடைசி எண் ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினாள். ‘விலாசம் கொடுக்கிற வேலையை நிறுத்து’ என்ற வரியில் அவளுக்குக் கை தயங்கியது.

“இது எதுக்குங்க?”

“ஒரு கட்டடத்துல ரெண்டு லிஃப்டு இருந்தாலும், எது எந்த மாடிக்குப் போகணும்னு ஒரு பெட்டிதான் சொல்லணும். ரெண்டும் சொன்னா ரெண்டும் ஒரே மாடிக்கு ஓடும். அதான் காலையில ஆச்சு. கீழ இருக்கறது சொல்லட்டும். மேல இருக்கறது சும்மா...”

அவர் நிறுத்திவிட்டார். அவள் காத்திருந்தாள். ஜன்னல் திரை உப்பி மெதுவாக இறங்கியது.

“நாலாவது மாடியில ஒரு பொம்பள ரொம்ப நேரமா நிக்கிறா,” என்றார்.

“யாரு?”

“தெரியல. கையில பூந்தொட்டி வச்சிருக்கா. பாவம், கனக்கும்.”

“வரச் சொல்லுங்க.”

“லிஃப்டு போகலையே இன்னும்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துக் காத்திருந்தாள். பிறகு பெயரையும் பாஸ்வேர்டையும் கீழ் ரவுட்டரில் இருப்பது போலவே எழுத்தெழுத்தாக அடித்தாள். தாளில் இருந்தபடியே நீலத் துளையை விட்டு மஞ்சள் துளையில் கேபிளைக் குத்தினாள். இம்முறை எதுவும் சாகவில்லை.

ஆனாலும் போனில் சிக்னல் ஒரு புள்ளிதான் காட்டியது.

“பக்கத்துலயே பெட்டி இருக்கு, இது இன்னும் கீழ இருக்கறதையே புடிச்சிட்டுத் தொங்குதுங்க.”

“பழகினத விடாது அது. ஒரு தரம் அணைச்சுப் போடு.”

அதுதான் தாளின் மேல்வரி. அவள் காலையில் முதல் வேலையாகச் செய்தது. அணைத்துப் போட்டாள். எல்லாப் புள்ளிகளும் நிறைந்தன.

பத்து நாற்பதுக்குக் கால் போட்டாள். போனைச் சார்ஜரில் மாட்டி, தலையணைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கீழே போனாள். பதினோராவது திரை வெள்ளை வெளேரென்று அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. டேப்பிலிருந்து அவர் மூச்சு வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது அவளுக்கு. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பெடலை மிதித்தாள். ஒரு முழம் தைத்து நிறுத்தினாள். “கேக்குதாங்க?”

“ம்.”

அந்த ‘ம்’ மிஷினுக்கா, தன் கேள்விக்கா, இல்லை நாலாவது மாடிப் பெண்ணுக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நிறுத்தாத,” என்றார் கொஞ்சம் கழித்து. “தூக்கம் வருது. சத்தம் நின்னா முழிப்பு வந்துரும்.”

தைத்தாள். மதியம் இரண்டு தரம் மேலே போய் உதட்டை நனைத்துவிட்டு வந்தாள். இரண்டு தரமும் அவர் கண் திறக்கவில்லை. நீளத் தையல், வளைவில்லை, மூலையில்லை. துணி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வழிந்துகொண்டே இருந்தது. நேரம் போவதே தெரியவில்லை. ஓரம் திருப்புவதற்காக நிறுத்தும்போதெல்லாம் மூச்சு கேட்டது. இரண்டரை மணிவாக்கில் அவர் குரல் வந்தது.

“கதவு மூடியாச்சா?”

எந்தக் கதவு என்று அவள் கேட்கவில்லை. “மூடியாச்சுங்க.”

“அப்ப சரி.”

“இந்த ஒரு ஓரம் மட்டும்தான். முடிச்சிட்டு வந்துர்றேன்,” என்று பாதி தனக்கே சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தாள். கடைசி நீளம். மிஷின் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. முடித்துத் திருப்பிப் பார்த்தபோது கடைசி இரண்டு முழத்துக்கு அடியில் தையலே விழவில்லை. பாபினில் இருந்த அடிநூல் எப்போதோ தீர்ந்திருந்தது.

“சனியனே,” என்று பாபினைத் திட்டினாள். திட்டிய பிறகுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

டேப்பின் மேல் காதை வைத்தாள். மேல் ஜன்னலின் திரை வளையம் கம்பியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கை மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதாகியும் அவளுக்கு இந்த வீட்டில் குட்டி என்றுதான் பெயர். அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “யாரும் பக்கத்துல இல்லையா அண்ணி? அண்ணன் தனியாவா போச்சு?” என்று கேட்டாள்.

குற்றமாகக் கேட்கவில்லை. அது அண்ணிக்கும் தெரியும். ஆனாலும், மிஷின் ஓடாமல் இருந்திருந்தால் கேட்டிருக்குமே, நூலில்லாமல் தைத்த அந்த இரண்டு முழத்தில்தான் போனாரா, அந்தச் சத்தமாவது மேலே போய்ச் சேர்ந்ததா, இல்லை தானாகவே எல்லாம் கற்பனை செய்துகொண்டு கீழே உட்கார்ந்திருந்தோமா என்று அன்று முழுக்க மனம் அதையே சுற்றியது. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம், “தூக்கத்துலயே போயிட்டாரு” என்றாள். அவர் மேலேயும் கொஞ்சம் கோபமாக இருந்தது. ‘நிறுத்தாத’ என்று சொன்னவர் அவர்தானே?

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி வந்தது, போனது. போனவர்கள் திரும்பி வந்து, தேநீர் குடித்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். குட்டி வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி கீழ் அறைக்கு வந்து, திரைத்துணியை யாரோ சுருட்டி மூலையில் வைத்திருப்பதைப் பார்த்தாள். மேசையை ஒழுங்குபடுத்துவதற்காக டேப்பைத் தூக்கினாள். அதன் திரை ஒளிர்ந்தது.

இருபத்தொன்பது மணி நேரம், பதினைந்து நிமிடம். பக்கத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

யாரும் கட் பண்ணவே இல்லை. செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பெட்டிகளும் தம் பாட்டுக்கு இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“குட்டி, இங்க வா.”

குட்டி வந்து நின்றாள்.

“இதுல உக்காரு. பெடல மிதி.”

“ஐயோ அண்ணி, எனக்குப் பட்டன் தைக்கவே வராது. துணி பாழாயிரும்.”

“நல்ல துணி வேணாம். இந்தத் துண்டைப் போட்டுக்க. நூலும் வேணாம். சும்மா மிதி.”

“எதுக்கு அண்ணி?”

“மிதியேன்டி. நான் மேல போறேன். நான் சொல்ற வரைக்கும் மிதி.”

குட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் படியேறினாள். கிளிப்புகள் வரிசையாகக் கூடவே ஏறி வந்தன. நடுவில் ஒன்று கோணலாக இருந்தது. மேல் அறையில் விரிப்பை எடுத்திருந்தார்கள். மெத்தையில் அவர் படுத்த இடம் லேசாகப் பள்ளமாக இருந்தது. மூலையில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் எரிந்தன. ஸ்டூலில் போன் அப்படியே சார்ஜரில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பள்ளத்தில் படுத்துக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. நாற்காலி நகர்கிற சத்தம். ஒரு மூக்குறிஞ்சல். பிறகு குட்டி யாருக்கும் கேட்காது என்று நினைத்து முணுமுணுத்தது, வார்த்தை வார்த்தையாகக் காதுக்குள் வந்தது: “என்னத்த மிதிச்சா ஓடும்னு தெரியலையே கடவுளே.”

அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறது. ‘முடிச்சிட்டு வந்துர்றேன்’ என்று சொன்னதும்கூட.

மிஷின் ஓட ஆரம்பித்தது. நின்று, தடுக்கி, திரும்பவும் ஓடியது. பெரிய சத்தம் இல்லை. அடுத்த அறையில், கதவுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற அளவுக்குத்தான் இருந்தது. ஜன்னல் திரை உப்பி இறங்கியது. அவளுக்கு இரண்டு நாளாக மூடாத கண் கனத்தது.

சத்தம் நின்றது. அவள் திடுக்கிட்டு விழித்தாள்.

“கேக்குதா அண்ணி?” போனில் குட்டியின் குரல். “போதுமா? நிறுத்திரவா?”

“நிறுத்தாத,” என்றாள், போன் இருந்த பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு.