ஏழாவது பெஞ்சின் குளிர்

அந்த ஆலயத்தில் ஏழாவது பெஞ்சுக்குப் பின்னால் ஆறு வருடங்களாகக் கோடை வரவில்லை. ஆறாவது பெஞ்சு வரை மின்விசிறி சுழன்றது. ஏழாவதிலிருந்து ஆட்கள் கம்பளிச் சட்டையும் காதை மூடிய துணியுமாக உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். ஆலயக் கமிட்டி முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்தது. அவர் ஏணி போட்டு ஏறி, இறங்கி, தேநீர் குடித்து, வயரில் பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, சுவர் நல்ல சுவர் என்றார். கடைசியில் பின்வரிசைகளுக்கு நாற்பது போர்வை வாங்குவதென்று கமிட்டி தீர்மானம் போட்டது. போர்வை வந்த மறுவாரமே, எது யாருடையது என்று பின்வரிசையில் சண்டை மூண்டது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரணம் ஆறாவது பெஞ்சின் ஓரத்தில், முதுகை நிமிர்த்தி, முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது. அவள் தையல்காரி. ஊரில் பாதிப் பேரின் துணி அவளிடம் தைக்கக் கிடந்தது. அவளிடம் போய் வாயைக் கொடுக்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

அந்த ஆலயத்தில் ஆராதனையின் நடுவே சமாதானம் கொடுப்பது கைக்குக் கை மாறி நடக்கும். போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் பெஞ்சில் முதலில் இருப்பவரின் கையைத் தன் இரு கைகளாலும் பிடிப்பார். அவர் பக்கத்து ஆளின் கையை, பக்கத்து ஆள் அடுத்தவர் கையை என்று அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போகும். கடைசி பெஞ்சில் கடைசியாக இருப்பவர் எழுந்து வாசலுக்குப் போய், தெருவில் யார் நின்றாலும் அவர் கையில் கொடுத்துவிட்டு வருவார். வரிசையைத் தாண்டிக் கொடுக்கக் கூடாது, அது அந்தச் சபையின் பிடிவாதம். தையல்காரி ஆறாவது பெஞ்சில் கடைசி. அவளிடமிருந்து வாங்க வேண்டியவன் ஏழாவது பெஞ்சில் முதல் ஆள். அவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி, ரொட்டிக்கடைக்காரன். இடம் மாறி உட்கார்ந்தால் தீர்ந்தது என்று போதகர் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். எங்கள் தாத்தா உட்கார்ந்த இடம் என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா இறந்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். தையல்காரி பள்ளிக்கூடச் சீருடைகளை ஒப்படைக்க வெளியூர் போயிருந்தாள். விடிகாலையில் செய்தி கிடைத்ததும் தம்பிக்குப் போன் செய்து, "நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடாதே, பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றாள். பதினொரு மணிக்கு வானம் இருட்டுகிறது, மழை வந்தால் குழியில் தண்ணீர் நிற்கும் என்று உறவினர்கள் நெருக்கினார்கள். தம்பி தலையாட்டினான். பன்னிரண்டே காலுக்கு அவள் பேருந்திலிருந்து இறங்கி, செருப்பு ஒன்று அறுந்து, ஒற்றைக் காலில் செருப்போடு கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடி வந்தபோது மண்ணைச் சமன் செய்து பூவும் வைத்திருந்தார்கள். மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

"எனக்கு அம்மா முகத்தக் காட்டல இல்ல? இனி உன் முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே நடந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமாதானம் அவள் கைக்கு வந்ததும் கையைத் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டாள். அன்று முதல் அது அவளிடமே தங்கிவிட்டது.

தங்கிய சமாதானம் சும்மா இருக்கவில்லை. முதல் வருடம் அவள் வலது கை வெதுவெதுப்பாக இருந்தது. துணியைத் தடவினால் சுருக்கம் போய்விடும், இஸ்திரிப் பெட்டியை மூட்டை கட்டி மேலே போட்டாள். இரண்டாம் வருடம், கடைக்கு வரும் கைக்குழந்தைகள் அவள் தொட்டதும் அழுகையை நிறுத்தித் தூங்கின. ஒரே சட்டைத் துணிக்கு மல்லுக்கு நின்ற மாமியாரையும் மருமகளையும் அவள் தோளில் தட்டி அனுப்ப, இருவரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போனதை ஊர் பார்த்தது. அவளுக்கு மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை. ராத்திரி தூக்கம் கிடையாது, காலையில் கோபம் அப்படியே இருக்கும். தம்பியின் கடையிலோ மாவு பொங்குவதே இல்லை. ஏழாவது பெஞ்சின் குளிரை அவன் விரல்களில் சுமந்துகொண்டு போனான். அவன் ரொட்டியை ஊர் தேநீரில் ஊறவைத்துத் தின்று பழகிக்கொண்டது.

ஐந்தாம் வருடம் கை கனக்கத் தொடங்கியது. காய்கறிக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது கை மட்டும் ஆறு கிலோ இருந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "ஆனா இத எங்கயாவது இறக்கி வச்சுடுங்கம்மா" என்றார். ஆறாம் வருடம் அவளால் கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லை. ஊசியில் நூல் கோக்கப் போனால் ஊசி வளைந்தது. தையல் போய்விட்டால் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

அவள் முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள் என்பதைவிடச் சண்டை போட்டாள் என்பதே சரி. "ஆண்டவரே, தப்புப் பண்ணினது அவன். எனக்கு எதுக்குக் கை வலிக்குது? நான் கையக் குடுத்துட்டா அன்னைக்கு அவன் செஞ்சது சரின்னு ஆயிடாதா? அம்மாவுக்காகக் கோபப்பட வேற யாரு இருக்கா?" ஆண்டவர் பதில் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவளுக்குத்தான் கோபம்கோபமாக வந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை சமாதானம் அவளிடம் வந்தபோது கை பையை மீறிவிட்டது. ஜிப் தெறித்து, பையின் அடி கிழிந்து, அவள் கை பெஞ்சின் ஓரமாகப் பின்பக்கம் தொங்கியது. அதைத் தூக்க இடது கையையும் கொண்டுபோக வேண்டி, ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் திரும்பினாள்.

அங்கே தம்பியின் கை நீட்டியபடி இருந்தது. நகக்கண்ணில் மாவு, விரல்நுனியெல்லாம் குளிரில் நீலம். அவள் பார்வை அதில் நின்றதைப் பார்த்த பக்கத்து இருக்கைத் தபால்காரர், "ஒவ்வொரு வாரமும் நீட்டிக்கிட்டுத்தான்மா இருக்காரு. நீங்கதான் திரும்பவே இல்ல" என்றார்.

முந்நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலை நரைத்திருந்தது. அதுகூட அவளுக்குத் தெரியாது.

"அக்கா, அன்னைக்கு நான்..." என்று அவன் தொடங்கினான்.

"அத அப்புறம் சொல்லுடா. முதல்ல பிடி. கை விழுந்துடும்போல இருக்கு."

அவன் இரண்டு கைகளாலும் பிடித்தான். அவள் விரல் வழியாக அது இறங்கத் தொடங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் ஆனது. போதகர் பிரசங்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஏழாவது பெஞ்சு வாங்கி எட்டாவதுக்குக் கொடுத்தது, எட்டாவது ஒன்பதாவதுக்கு. பின்பக்க ஜன்னல்களில் உறைந்திருந்த பனி உருகித் தரையில் ஓட, ஆட்கள் காலைத் தூக்கிக்கொண்டு போர்வைகளை ஒருவர் மடியில் ஒருவர் வைத்தார்கள். கடைசி பெஞ்சுக்காரர் வாசலுக்கு ஓடியபோது தெருவில் நின்றது பேருந்து நடத்துனர். அன்று மாலை வரை அந்தப் பேருந்தில் எல்லாரும், "நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க" என்று எழுந்து நின்றதால் பாதி இருக்கைகள் காலியாகவே கிடந்தன.

ஆராதனை முடிந்து அக்காவும் தம்பியும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அவள் கை ஒரு சாதாரணக் கையின் எடையில் இருந்தது. லேசாக இருந்த பழக்கம் விட்டுப்போனதால் அது அடிக்கடி தானாக மேலே எழும்பியது.

"இப்ப சொல்லு" என்றாள்.

"சொல்ல ஒண்ணும் இல்லக்கா. யாரும் என் கழுத்தப் பிடிக்கல. மழை வரும்னாங்க, தலையாட்டிட்டேன். நீ வருவேன்னு தெரிஞ்சேதான் ஆட்டினேன். மழை வரவே இல்ல."

அவன் சாக்குச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பழைய கோபம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். ஆறு வருடமாக அம்மாவுக்கென்று அவள் அழுததே இல்லை, நேரமெல்லாம் கோபத்துக்கே போய்விட்டிருந்தது. அவனும் அழுதான். அழுது முடிந்ததும் மூச்சு தாராளமாக வந்தது இருவருக்கும்.

"அம்மாவுக்குக் குடுக்கலையே" என்றாள் திடீரென்று.

ஆலயத்துக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். அந்த நாளுக்குப் பிறகு அவள் அங்கே காலடி வைத்ததில்லை. தம்பி முன்னால் நடந்து வழியிலிருந்த முள்ளை ஒதுக்கினான். அம்மாவின் குழிமேல் மண் வெயிலில் காய்ந்து கிடந்தது. அவள் குனிந்து அமர்ந்து, உள்ளங்கையை மண்ணின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மண் விலகியது. உள்ளிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. கட்டைவிரலால் அவள் புறங்கையை இரண்டு முறை தடவிக்கொடுத்தது. பிறகு அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் துழாவியது.

"உன்னத் தேடுறாங்க, கிட்ட வா" என்றாள் அக்கா.

தம்பி கையைக் கொடுத்தான். வாயிலருகே காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கி, மத்தியானம் மூடும் நேரமாகிவிட்டது என்று குரல் கொடுக்க வந்தவர், அவர்களைப் பார்த்தார். "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.