பிளவு நின்ற இடம்

சவப்பெட்டியை மூடுவதற்காக மூடியைத் தூக்கப்போனவரின் கையைக் கிறிஸ்டினா பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா வரட்டும்ணா."

"மணி மூணாவுதும்மா. கோயிலுக்கு எடுக்க வேணாமா?"

"வரட்டும்."

காத்திருக்காமல் மூடுவது, இப்போது பெட்டிக்குள் கிடக்கும் அப்பா பாஸ்கல் செய்த தவறு. பதினாறு வருடங்களுக்கு முன், கப்பல் வேலையிலிருந்த அண்ணன் வால்டர் வந்து சேர்வதற்குள் தாயின் பெட்டியை மூடி அடக்கம் செய்துவிட்டார். அதன் பிறகு ராயபுரத்துத் தம்பிக்கும் மீஞ்சூர் அண்ணனுக்கும் பேச்சில்லை.

தாயைப் புதைத்த அந்தக் கல்லறை அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. திறக்கப் பெரியப்பாவின் கையெழுத்து வேண்டும். அதில் இன்னொருவருக்குத்தான் இடம். 'அம்மா மொகத்தத்தான் பாக்க உடல, பக்கத்துலயாவது படுக்கறேன்' என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு வயது எழுபத்து நான்கு.

கையெழுத்து வாங்க வேண்டிய தாளைப் பிடித்தபடி கிறிஸ்டினா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கடற்படுகைகள் உருவான விதத்தை ஒப்பிடுவது அவளுடைய ஆய்வு. உயிரோடிருந்தபோது அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, கிரீஸ் படிந்த விரல் படாமல் வரைபடத்தைக் காட்டிக் கேட்பார்.

"ரெண்டும் ஒரே மாரி கீதே?"

"இது கிருஷ்ணா-கோதாவரிப்பா. அண்டார்டிகா நம்மகிட்டேர்ந்து பிச்சிகினு போச்சு, நடுவுல கடல் வந்துடுச்சு. இது காவிரி. நாமளும் இலங்கையும் பிரிய ஆரம்பிச்சோம், பாதியில நின்னுடுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"அதத்தான் தேடிகினு கீறேன்."

அப்பா டீயை ஆற்றினார். "கண்டுபுடிச்சா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்."

வாசலில் ஆட்டோ நின்றது. வால்டர் நேராக வந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா, முடியெல்லாம் கொட்டிப்போச்சு?"

கிறிஸ்டினா தாளை நீட்டினாள்.

"பெரியப்பா, இதுல போட்டீங்கன்னா உங்களுக்கு…"

"படிக்கத் தெரியும்மா."

பெட்டியின் விளிம்பிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். "மூடுங்கப்பா."

பெட்டி கோயிலுக்குப் போயிற்று. தாளைக் கொடுக்கக் கிறிஸ்டினாவும் வால்டரும் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னதாகவே போனார்கள்.

குழி வெட்டும் தண்டபாணி கல்லறையைத் திறந்து, வால்டருடைய தாயின் எலும்புகளை வெள்ளைத் துணியில் சேர்த்து மேலே வைத்தான். வால்டர் அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"தண்டபாணி, இன்னும் ரெண்டடி எறக்கு."

"இதுவே போதும் நைனா."

"இவன் கீய போவட்டும். மேல எனக்கு எடம் வோணும்ல."

"தண்ணி வந்துருமே நைனா."

"வந்தா நிறுத்திக்க."

மண்வெட்டி இறங்கியது. சாம்பல் நிற மணல் ஈரமாக மேலே வந்து விழுந்தது. கிறிஸ்டினா விளிம்பில் குந்தி, அடியில் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.