மோதிர விரல்

அந்தக் கை அவருடைய உள்ளங்கைக்குள் இருக்கிறது, சூடாக இருக்கிறது, நாலு விரலும் ஒழுங்காக மடங்கி வர மோதிர விரல் மட்டும் பூவன்பழம் கணக்காய் வீங்கித் தடித்து மடங்க மாட்டேன் என்கிறது, தோல் நிறத்திலேயே ஒரு பிளாஸ்திரி அதைச் சுற்றி இறுக்கியிருக்கிறது, ஜெபமணியின் கட்டைவிரல் அதன் மேல் பட்டதும் உள்ளே ஒரு துடிப்பு, முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை அவன், ஆனால் கையை எடுக்கவும் இல்லை, கேளுங்க சார், ஒரு வார்த்தை கேளுங்க என்கிற மாதிரி ஒரு விநாடி, இரண்டு விநாடி, மேசையில் கையெழுத்து ஈரம் காயாத தாள் கிடக்கிறது, பேனா சட்டைப் பையில்தான் இருக்கிறது, என்னல கையில என்று மூன்று சொல் போதும், அவர் கையை விட்டுவிட்டு, அடுத்தது யாரு என்றார்.

பதினோரு வருஷம் ஆச்சு. அந்தக் கையை விட்டது என்னவோ அவர்தான், அது அவரை விட்டபாடில்லை, இதோ கோயம்புத்தூர் உள்ளரங்கத்தில் காலை ஏழு மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் புதுத் தாள்களை வைத்துக்கொண்டு, வலையின் இரண்டு பக்கமும் பையன்கள் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அது உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது, பேன்ட்டில் துடைத்தாலும் போகிற சமாச்சாரமா அது. ஜெபமணிக்கு வயசு ஐம்பத்தெட்டு, ஒரு காலத்தில் நல்ல செட்டர், வாலிபாலில் செட்டர் என்றால் சும்மா இல்லை, வந்த பந்தை இரண்டாவதாகத் தொடுகிறவன், யார் அடிக்க வேண்டும் எங்கே அடிக்க வேண்டும் என்று கண்சிமிட்டும் நேரத்தில் முடிவெடுத்துத் தூக்கிக் கொடுக்கிறவன், கைதட்டல் எல்லாம் அடித்தவனுக்குப் போகும், தோற்றால் திட்டு மட்டும் இவனுக்கு வரும், அப்படிப்பட்ட வேலை. ஆடி முடித்த பிறகு ஆள் தேர்வு செய்கிறவராய் ஆனார், செட்டர்களைப் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது, பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நல்ல கையிலிருந்து கிளம்புகிற பந்து சத்தமே போடாது, விரலுக்கு வந்ததும் தெரியாது போனதும் தெரியாது, கெட்ட கையாக இருந்தால் டப்டப் என்று இரண்டு தடவை கேட்கும், நாலு பந்து கேட்டால் போதும், ஜாதகத்தையே சொல்லிவிடுவார். ஜெபமணி காது என்று ஊர் ஊராகப் பேர், அதைக் கேட்டு அவருக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அன்றைக்குத் திருச்சியில் தேர்வு, ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்கு, எடுத்தால் ஆட்டம் மட்டுமில்லை, ஆயுசுக்கும் வேலை, முப்பத்தோரு பையன்கள் வந்திருந்தார்கள், அதில் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன் ஆறுமுகநயினார், நயினார் நயினார் என்று மற்ற பையன்கள் அவனையே சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தபோதே அவன் பெரிய ஆட்டக்காரன் என்று தெரிந்திருக்க வேண்டும், ஒரு ஆளுக்கு இருபது பந்து, ஜெபமணி கண்ணை மூடினார், டப்டப், சரி, இன்னொன்று, டப்டப், மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை, நான்காவது டப்டப், அவர் கண்ணைத் திறந்து, மீதிப் பதினாறு பந்தையும் போடவிடாமல் கையை உயர்த்தி, அந்த அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஏப்பா இவனுக்குக் காலெல்லாம் இருக்கு, கைதான் இல்ல என்றார், கூட இருந்த இரண்டு தேர்வாளர்களும் சிரித்தார்கள், பையன்களும் சிரித்தார்கள், சிரிப்பு வருகிற மாதிரி பேசுவதில் அவர் கெட்டிக்காரர், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாளில் கை சரியில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. தேறினாலும் தேறாவிட்டாலும் ஆடியவன் வந்து மூன்று பேருக்கும் கைகொடுத்துவிட்டுப் போக வேண்டும், அது அங்கே மரியாதை, அவனும் வந்தான், கொடுத்தான், அப்போதுதான் அந்த விரல், எலும்பு விரிசல் விட்டிருக்கிறது அல்லது விலகியிருக்கிறது, முதல் நாளோ அன்று காலையோ, அதை வெளியில் சொன்னால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு, அந்த விரலோடு நாலு பந்து தூக்கியிருக்கிறான், அதில் மூன்றாவது சத்தமில்லாமல் வேறு போயிருக்கிறது, அடப் பாவி, அந்த விரலோடு என்னால் ஒரு பந்து தூக்க முடியுமா என்று அவருக்கு அந்த இடத்திலேயே தோன்றியது, தோன்றவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவரால் தன்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தெரிந்தது, தெரிந்துதான் விட்டார், சிரித்தார்களே, அந்தச் சிரிப்பை எப்படித் திரும்ப வாங்குவது, ஜெபமணி காது தப்பாய்க் கேட்டுவிட்டது என்று அவரே எப்படி எழுந்து நின்று சொல்வது, அதற்குத்தான் பயந்தார், வேறொன்றுமில்லை, கேவலம்தான்.

அதற்குப் பிறகு யாருக்குக் கைகொடுத்தாலும் கட்டைவிரல் தானாக மோதிர விரலைத் தேடிப் போகிறது, மகள் கல்யாணத்தில் கோயில் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு கையிலும் தடவிப் பார்க்கிறார், பக்கத்தில் நின்ற மனைவி ரூபி காதோரமாக, என்ன இது, வந்தவுக மோதிரத்தக் கழத்தப் பாக்கீங்களா, மானம் போகுது என்று கிள்ளினாள், அவரும் சிரித்தார், இவளிடமாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதே கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கத் திருச்செந்தூர்ப் பக்கம் போயிருந்தபோது ஏறிய மினிபஸ்ஸில், டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே வந்தான், கண்டக்டர் டிக்கெட்டுக்கு நின்றதும், ஏய் சார்கிட்ட வாங்காத, நம்ம செலெக்சன் சாருடே என்று சத்தம் போட்டான், நயினார்தான், தொப்பை வைத்திருந்தது, சார் நல்லாருக்கீங்களா என்று கேட்டான், சந்தோஷமாகக் கேட்டான், அதுதான் தாங்கவில்லை, முறைத்திருந்தால் பிழைத்திருப்பார், கியர் கம்பியைப் பிடித்திருந்தது இடது கை, வலது கை ஸ்டியரிங்கில், அந்த வலது கையில் ஒரு விரல் மட்டும் வெளியே கோணிக்கொண்டு நிற்பதை அவர் பின்னாலிருந்தே பார்த்தார், பந்தே தொடுறதில்ல சார் இப்பம், நமக்கு அது அமையல என்றான் நயினார், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பங்குனி வெயிலில் அழைப்பிதழ்ப் பையோடு நடந்தார் ஜெபமணி, நல்லா வேணும் எனக்கு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு.

இப்போது இந்த வாலிபால் லீக் வந்துவிட்டது, ஒவ்வொரு அணியும் முறைவைத்துப் புதுப் பையன்களை எடுக்கிற நாளில் முதலாளிகள் வீடியோவைப் பார்த்து ஆளை எடுத்துவிடுகிறார்கள், எடுத்த பிறகு பத்து நாள் பார்த்து எழுதிக் கொடுக்க இவரைக் கூப்பிடுகிறார்கள், ஆட்டத்தில் இறக்கலாமா, பெஞ்சில் வைக்கலாமா, ஊருக்கு அனுப்பலாமா, அவர் எழுதுவதுதான் முடிவு. பட்டியல் கைக்கு வந்த அன்று ஒரு வரியில் நின்றுவிட்டார், இசக்கிதுரை, செட்டர், வயது இருபது, ஊர் உடன்குடிப் பக்கம், படத்தில் அதே நெற்றி, அதே ஒட்டின காது, தம்பி. கோயம்புத்தூர் வருகிற ரயிலில் பகல் முழுக்க ஒரே யோசனை, ஜன்னலோரம் கண் அசந்தபோது மகள் கல்யாண வரிசை திரும்பவும் வருகிறது, கைகொடுக்க வருகிறவர்கள் எல்லாருமே நயினார், கல்யாணப் பெண் கையிலும் பிளாஸ்திரி, அவரோ அடுத்தது யாரு அடுத்தது யாரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், விழித்தபோது ஈரோடு, அங்கேயே தீர்மானம் பண்ணிவிட்டார், இந்தப் பையன் பந்தைத் தூக்கினாலும் சரி, கீழே போட்டாலும் சரி, பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியது, கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தனைக் கெடுத்தாயிற்று, கண்ணை மூடிக்கொண்டே இன்னொருத்தனை வாழவைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று ஒரு நிம்மதி, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதில் மனுஷனை மிஞ்ச ஆள் கிடையாது.

விசில் ஊதினார்கள், செட்டர்கள் இந்தப் பக்கம் வாங்கப்பா என்று உதவிப் பயிற்சியாளர் கூப்பிட்டார், நாலு பேர் வரிசையில் நின்றார்கள், ஐந்தாவதாக நிற்க வேண்டிய இசக்கிதுரை வரிசைக்குப் போகாமல் நேராக ஜெபமணியின் நாற்காலியை நோக்கி வருகிறான், வந்து நிற்கிறான், சார் ஒரு நிமிசம் என்கிறான், குரல்கூட அண்ணன் குரல்தான், வலது கையை முன்னால் நீட்டி விரித்துக் காட்டுகிறான், மோதிர விரல் வீங்கியிருக்கிறது. நேத்து சாயங்காலம் வலைக்கு மேல கை தூக்கி பிளாக் போடும்போது பந்து பட்டுட்டு சார், மடக்க முடியல, இன்னைக்குப் பந்து சத்தம் போடும், அதான் முன்னாலயே சொல்லிருவம்னு, நாலு நாள் கழிச்சு என்னப் பாப்பீங்களா சார் என்றான். அவன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறான், எங்கண்ணன் நயினார் உங்களுக்கு ஞாபகம் இருக்காது சார், திருச்சியில உங்ககிட்ட ஆடிருக்கான், இதே விரல்தான் அவனுக்கும், பயந்துக்கிட்டுச் சொல்லாம மறைச்சிட்டான், எனக்கு ஆர்டர் வந்த அன்னைக்கே சொல்லி விட்டுட்டான், ஏல அடிகிடி பட்டா ஒளிக்காத, நான் செஞ்ச தப்ப நீ செய்யாத, ஜெபமணி சார்ட்ட நேரா போயி சொல்லு, அவரு ரொம்ப நல்ல மனுசன், அன்னைக்கு நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா கட்டாயம் கேட்டிருப்பாரு, என் விதி நான் வாயத் தொறக்கலன்னு. சொல்லிவிட்டு வெகுளியாய்ச் சிரித்தான்.

ஐயோ, பதினோரு வருஷமாக அவன் தன்னையல்லவா திட்டிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான். ஜெபமணி எழுந்து நின்றார், மடியிலிருந்த தாள்கள் சரிந்து தரையில் விழுந்தன, நீட்டியிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார், அதே சூடு, கட்டைவிரலால் வீக்கத்தைத் தொட்டார், அதே துடிப்பு, திருச்சியா கோயம்புத்தூரா, இது அண்ணனா தம்பியா, பேனா பையில்தான் இருக்கிறது, நாலு நாள் என்ன பத்து நாள் வேண்டுமானாலும் பொறுக்கிறேன் என்று சொல்லி முடித்துவிடலாம், முதுகைத் தட்டி அனுப்பிவிடலாம், நல்ல மனுஷனாகவே இருந்துவிட்டுப் போகலாம், யாருக்குத் தெரியப் போகிறது. உங்கண்ணன் சொல்லலதான், ஆனா எனக்குத் தெரியும்டே என்றார். பையனுக்கு விளங்கவில்லை, என்ன சார் என்றான். கை கொடுத்தாம்லா, அப்பம் தெரிஞ்சிட்டு, விரலு போயிருக்குன்னு தெரிஞ்சிட்டு, தாள் முன்னாலதான் கெடந்துச்சு, மாத்தி எழுதிருக்கலாம், எழுதல. அப்பமே தெரியுமா சார் என்று கேட்டான் இசக்கிதுரை. அப்பமே தெரியும்.

வலைக்கு அந்தப் பக்கம் யாரோ அடித்த பந்து சுவரில் மோதி உருண்டு வந்து அவர்கள் காலடியில் நின்றது, இரண்டு பேரும் குனியவில்லை. அவருடைய இரண்டு கைகளுக்குள்ளிருந்து அந்தக் கை மெல்ல, வலிக்காமல் எடுக்கிற மாதிரி, ஒவ்வொரு விரலாக வெளியே போனது, அவர் பிடித்து நிறுத்தவில்லை. அண்ணன்கிட்ட நானே பேசுதேன், நம்பர் குடு என்றார் ஜெபமணி. வேண்டாம் சார், என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல் பந்தைப் பார்த்துக்கொண்டு, அவன் உங்கள நல்லவருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான், அவன் அப்படியே இருந்துட்டுப் போறான். பிறகு தரையில் கிடந்த தாள்களை இடது கையால் பொறுக்கி அடுக்கி நாற்காலியில் வைத்தான், நாலு நாள் கழிச்சு எத்தன மணிக்கு வரணும் சார் என்று கேட்டான், ஏழு மணி என்றார் அவர், சரி சார் என்று திரும்பி நடந்தான், கைகொடுக்கவில்லை. அடுத்தது யாரு சார் என்று உதவிப் பயிற்சியாளர் அங்கிருந்து கேட்கிறார், இரண்டு தடவை கேட்டுவிட்டார், ஜெபமணி தன் இரண்டு கையையும் ஏந்தினபடியே நின்றுகொண்டிருக்கிறார்.