அத்தானின் நாற்பத்து நான்கு

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைய தவறு: ஏரியிலுள்ள மீன்கள் எல்லாம் ஆகஸ்ட் இருபதாம் தேதி ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டதாக, மாலை வகுப்பில் முப்பது பேருக்கு முன்னால் அறிவித்தேன்.

தவறை முதலில் எழுதிவிடுவது என் வழக்கம். கடைசியில் எழுதினால் அது படுக்கைக்கும் கூடவே வந்துவிடுகிறது.

புள்ளியியல் வகுப்பில், அவரவர் வேலையிடத்திலிருந்து எண்களை எடுத்துவந்து வரைபடம் போடச் சொல்லியிருந்தார்கள். என் வேலையிடம் அணைக்குக் கீழே இருக்கும் ஏரியின் மீன்பிடி அனுமதி அறை. ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு அளவுப் பலகை. டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்கள் காலையில் என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பிடித்த மீனை வாளித் தண்ணீரில் உயிரோடு கொண்டுவருவார்கள். பலகையில் கிடத்தி நீளத்தை எழுதுவேன். இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மீன் ஏரிக்குத் திரும்பிப் போகும். குறையாவிட்டால் பிடித்தவர் வீட்டுக்குப் போகும்.

ஆகஸ்ட் இருபது வரை சராசரி நீளம் இருபத்தொன்பது. அதன்பின் முப்பத்தொன்று. அந்த வாரம் அணையின் ஷட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தார்கள். குளிர்ந்த நீர், அதனால் நிறையப் பூச்சி, அதனால் பெரிய மீன் என்று விளக்கம் சொன்னேன். சிவப்பு மையில் அம்புக்குறிகூடப் போட்டிருந்தேன்.

பின் வரிசையிலிருந்து, எங்களோடு படிக்கும் பஸ் கண்டக்டர் ஒருவர் கை தூக்கினார். "ஏங்க, எல்லா மீனும் ஒரே நாள்லயா வளர்ந்துச்சு? என்ன தீனின்னு சொல்லுங்க, எங்க வீட்டுல ஒருத்தன் ரெண்டு வருஷமா அதே பேன்ட்டைப் போட்டுக்கிட்டிருக்கான்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கடைசி ஆளாக.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். "ஆகஸ்ட் 20: அளவுப் பலகையின் மூக்குக் கட்டை கழன்று விழுந்தது. நானே புதிதாக ஒன்று அடித்தேன். நன்றாக வந்திருக்கிறது."

அந்தக் கடைசி வரியைத்தான் மூன்று முறை படித்தேன்.

நாளைய வேலை: ஸ்கேல் எடுத்துப்போய்ப் பலகையை அளப்பது.

செப்டம்பர் 10, புதன்

இன்றைய தவறு: புதிதாக ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் இருபதின் தவறே இன்றைக்கும் போதும்.

மீனின் மூக்கு முட்டி நிற்பதற்காகப் பலகையின் ஒரு முனையில் இருப்பது மூக்குக் கட்டை. பழைய கட்டை பலகையின் ஓரத்துக்கு வெளியே அடிக்கப்பட்டிருந்தது. மூக்கு முட்டும் இடம் பூஜ்யம், வால் முடியும் இடம் நீளம். நானோ, உறுதியாக இருக்கட்டும் என்று புதுக் கட்டையைப் பலகையின் மேலேயே ஆணி வைத்து அடித்திருக்கிறேன். கட்டையின் தடிமன் சரியாக இரண்டு சென்டிமீட்டர். பூஜ்யமும் ஒன்றும் அதற்கு அடியில் போய்விட்டன. இருபது சென்டிமீட்டர் மீனைக் கிடத்தினால் இருபத்திரண்டு என்று காட்டுகிறது. மூன்று வாரமாக ஒருவரும் கவனிக்கவில்லை. மூக்குப் பக்கம் யாருக்கு அக்கறை? பிடித்தவர், வேடிக்கை பார்ப்பவர், நான், எல்லோருக்கும் கண் வால்மேல்தான்.

பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். அந்தத் தேதிக்குப் பிறகு நூற்றுப் பதினேழு மீன்கள். ஒவ்வொன்றிலும் இரண்டைக் கழித்தேன். நூற்றுப் பதினாறில் கழிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. மிச்சம் ஒன்றில்தான் பேனா நின்றுவிட்டது. ஆகஸ்ட் 31, நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். பிடித்தவர், என் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். அவர்கள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். அணையில் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. பதினோரு வருஷமாக ஓய்வு நாள் ஒன்று விடாமல் தூண்டிலும் கையுமாக நின்றும் முப்பத்து மூன்றைத் தாண்டியதில்லை. ஏரியின் சாதனை, மீன்பிடிப்போர் சங்கத் தலைவரான தையல்காரருடையது. நாற்பத்து மூன்று. அனுமதி அறைச் சுவரில் தொங்கும் தகரப் பலகையில் ஒன்பது வருஷமாக அவர் பெயர்தான். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் அவர் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார்.

அந்த நாற்பத்து நான்குக்குப் பிறகு அத்தான் வேறு ஆள். ஷட்டர் அறை ஏணியில் விசிலடித்துக்கொண்டு ஏறுகிறார். முடிவெட்டும் கடையில், மருந்துக் கடையில், எங்கே நின்றாலும் இரண்டு கைகளையும் விரித்து மீனைக் காட்டுகிறார். பஸ்ஸில் அவருக்கு இரண்டு இருக்கை வேண்டும், ஒன்று அவருக்கு, ஒன்று மீனுக்கு. சனிக்கிழமை பெயிண்டர் வந்து தகரப் பலகையில் அவர் பெயரை எழுதப் போகிறார்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "அத்தான், ஒரு விஷயம்..."

"சொல்லு தாயே. நானும் ஒண்ணு கேக்கணும். நாற்பத்தி நாலை எண்ணுல எழுதச் சொல்லவா, எழுத்துலயா?"

"எழுத்துல எழுதச் சொல்லுங்க," என்றாள் அக்கா. "சொவத்துக்கு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் வரும்."

"பாத்தியா, உங்க அக்காவே இப்பதான் எனக்கு மரியாதை குடுக்கறா."

"மரியாதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்திரிங்க, தட்டு கழுவணும்." ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"மழை வரும்போல இருக்கு," என்றேன்.

நாளைய வேலை: அத்தானிடம் சொல்வது. வீட்டில் வைத்து அல்ல.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றைய தவறு: அத்தான் ஏணியில் நிற்கும்போது சொன்னது.

காலையில் ஷட்டர் அறைக்குப் போனேன். பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கிரீஸ் டப்பா என் காலருகே வந்து விழுந்தது. அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"மீனைத் தண்ணியை விட்டு எடுத்தா சுருங்கும். தெரியுமா உனக்கு?"

"எடுத்த உடனே அளந்தோமே அத்தான்."

"வாளி சின்னது. மடங்கிக் கெடந்துச்சு."

"பலகையில நிமித்தித்தானே வச்சோம்."

"வால் நுனி கிழிஞ்சிருந்துச்சு. நானாத்தான் பெருந்தன்மையா அதைச் சொல்லாம விட்டேன்."

நான் ஸ்கேலை வெளியே எடுத்தேன். நாற்பத்திரண்டு எவ்வளவு இருக்கும் என்று காட்டுவதற்குக் கைகளை விரித்தார். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நாற்பத்து நான்கு. மறுபடி விரித்தார். நாற்பத்து நான்கு.

"கை பழகிப்போச்சு," என்று அங்கேயே படியில் உட்கார்ந்தார். "ஷட்டர் சாவி கையில இருக்கறவனுக்கு மீன் மாட்டாம என்னன்னு அந்தத் தையக்காரன் ஊரெல்லாம் சொன்னான். சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தேன். பதினோரு வருஷத்துல ஒரு தடவைதான் அவன் எனக்குப் பின்னாடி நின்னான். பன்னெண்டு நாள். அதுவும் ஒன் ஆணியால."

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, கையோடு கொண்டுபோயிருந்த பதிவேட்டை விரித்து, நான் கழித்துப் போட்ட எண்களைக் காட்டினேன். அத்தான் வேண்டா வெறுப்பாகப் பார்த்தார். பிறகு குனிந்தார். அவர் விரல் தையல்காரரின் பெயரைத் தேடிப் பிடித்தது. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தைந்து. இப்படியே மூன்று வாரத்தில் ஏழு மீன்கள்.

"இதுல எல்லாம் ரெண்டு கழிச்சா?"

"ஏழும் அளவுக்குக் கம்மி."

அத்தான் முகம் விடிந்தது. மூன்று முறை அளவு குறைந்த மீனை எடுத்துப்போனால் அடுத்த சீசனில் தூண்டில் போடக் கூடாது என்று சங்கத்தில் விதி போட்டவர் தையல்காரர்தான். போன வருஷம் அரை சென்டிமீட்டருக்காகத் தன் சொந்த மைத்துனரையே நிறுத்திவைத்தார்.

"வா, அந்த ஆளைப் பாத்துட்டு வருவோம்," என்றார் அத்தான், கையைக்கூடத் துடைக்காமல்.

ஷட்டர் தண்ணீர் ஏரிக்குள் விழும் இடத்தில் நீர் நுரைத்து ஒரு கோடாக ஓடும். பூச்சிகள் அந்தக் கோட்டில் மிதந்து வருவதால் டிரவுட்டும் அங்கேதான் கூடும். தையல்காரர் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். கடையில் மிஞ்சிய பட்டு நூலையும் இறகையும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியை நுரைமேல் மெல்ல இறக்கினார். தண்ணீர் ஒரு முறை குழிந்தது. கோல் வளைந்தது. கோலைத் தாழ்த்தி, நூலை விட்டுக் கொடுத்து, இழுத்து, மறுபடி விட்டு, அவர் மீனைக் கொண்டுவந்த அழகைப் பார்த்து அத்தானே ஒரு நிமிஷம் வந்த காரியத்தை மறந்துவிட்டார்.

அனுமதி அறையில் பலகை இருபத்தாறு என்றது. நான் ஸ்கேலை வைத்தேன். இருபத்து நான்கு. விஷயத்தைச் சொன்னேன். தையல்காரர் கட்டையைப் பார்த்தார், பதிவேட்டில் தன் பெயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பலகை சரியாத்தான் இருக்கு."

"ஐயா, இதனால உங்க சாதனை உங்களுக்கே திரும்பி வருதுங்க. நாற்பத்தி மூணு."

"யாருக்கு வேணும்? பலகை சரி."

"கழுத்துலதான் டேப் தொங்குதே, நீங்களே அளந்து பாருங்களேன்."

அவர் டேப்பை எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். "டேப் துணிக்கும்மா. மீனுக்கு இல்ல."

"அப்போ என் மீன்?" என்றார் அத்தான்.

"நாற்பத்தி நாலு! எவன் இல்லன்னான்?" தையல்காரர் அத்தானின் தோளில் கை போட்டார். "மாப்ளே, இந்த விஷயம் மட்டும் என் மச்சானுக்குத் தெரிஞ்சது, நான் கடையைக் காலி பண்ணிட்டுப் போகவேண்டியதுதான். பொண்ணு சின்னப் பொண்ணு, பதறுது. சீசன் முடிஞ்சப்புறம் கட்டையைத் தள்ளி அடிச்சுக்கட்டும். மீனுங்க வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். இருவரும் ஒன்றாக வெளியே போனார்கள். வாளியிலிருந்த இருபத்து நான்கை நான் ஏரியில் விட்டேன்.

வகுப்பில் கண்டக்டர், "மீனெல்லாம் இன்னும் வளருதா?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன்.

நாளைய வேலை: என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைய தவறு: பதிவேட்டில் பிழைத்திருத்தக் குறிப்பைப் பென்சிலால் எழுதியது. அழிக்க வேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். வேறு காரணம் சொல்ல முடியாது.

தையல்காரர் இன்று மட்டும் மூன்று முறை ஜன்னலுக்கு வந்து "மாப்ள எங்க?" என்று கேட்டார். மதியம் அத்தான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தன் பொய்ப் பூச்சிகளில் நான்கைக் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் யாருக்கும் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுக்காதவை. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார், நாளைக்குப் போட்டுக்கொள்ள அத்தானுக்கு ஒரு சட்டை தைக்க வேண்டுமாம். அத்தானை நிற்கவைத்துத் தோளை அளந்தார்.

"நாற்பத்தி நாலு சென்டிமீட்டர்!" என்று உரக்கச் சொல்லி, அத்தானைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவர் போனதும் அத்தான் அளவு கொடுத்த நிலையிலேயே, கைகளைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, கீரியும் பாம்புமா இருந்தீங்க. இப்ப என்ன கொஞ்சல்?" என்றாள் அக்கா.

அத்தான் கையை இறக்கி எல்லாவற்றையும் சொன்னார். என் ஆணியில் ஆரம்பித்து டேப் சட்டைப் பைக்குள் போனது வரை. அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். டேப் வரும்போது தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அந்த ரெண்டு சென்டிமீட்டர் என் தங்கச்சி போட்ட பிச்சையா?"

"சிரி, சிரி. பதினோரு வருஷம் அந்த ஆளு என்னைத் திட்டினான், தாங்கிக்கிட்டேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவை கண்ணடிச்சான், உடம்பெல்லாம் கூசுது. அந்தத் தகரத்துல என் பேரு இருக்கறவரைக்கும் கண்ணடிப்பான். போற எடத்துலயெல்லாம் மாப்ளேன்னு கட்டிப்பிடிப்பான்." என் பக்கம் திரும்பினார். "குறிப்பு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தான். பென்சில்ல."

"மையில எழுது."

பதிவேட்டை எடுத்துவந்து அவர் முன்னாலேயே எழுதினேன். கட்டையைத் தவறாக அடித்தது நான்தான் என்றும், நான் அளந்து சொன்னதை நம்பித்தான் அவர்கள் மீனை எடுத்துப்போனார்கள், ஆகவே விதிப்படி யாரையும் நிறுத்தக் கூடாது என்றும் சேர்த்தேன். அத்தான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் சின்ன எழுத்துல எழுதேன். அந்த ஆளு தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

எல்லா வரியையும் ஒரே அளவில்தான் எழுதினேன்.

அத்தான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "நாற்பத்தி ரெண்டும் பெரிய மீன்தான், இல்ல?"

"பெரிய மீன் அத்தான். உங்க பழைய மீனைவிட ஒன்பது சென்டிமீட்டர் பெருசு."

"அதை நான்தானே ஆய்ஞ்சேன்?" என்றாள் அக்கா. "சட்டி கொள்ளல. வாலை வெட்டித்தான் உள்ள போட்டேன்."

அத்தான் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். இரண்டு பொய்ப் பூச்சிகளை மட்டும் திருப்பிக் கொடுக்கப் போவதாகவும், மற்ற இரண்டும் நன்றாக மிதக்கின்றன என்றும் சொன்னார்.

நாளைய வேலை: ஆறரை மணிக்கு அறையைத் திறப்பது. மூக்குக் கட்டையைப் பிடுங்கிப் பலகையின் ஓரத்துக்கு வெளியே அடித்து, ஸ்கேலை வைத்து இரண்டு முறை சரிபார்ப்பது. எட்டு மணிக்குப் பெயிண்டர் வந்ததும், இந்த ஆண்டு புதுப் பெயர் எழுத வேண்டியதில்லை, தையல்காரரின் பழைய நாற்பத்து மூன்றையே புது வர்ணத்தில் துலக்கினால் போதும் என்று சொல்வது.