ஒரே கல்லில் எல்லா ரொட்டியும்

"உன் கேஷை எவ்வளவு பெருசாக்கினாலும் பிரயோஜனம் இல்லடா! கேட்டதையே திரும்பக் கேட்டாத்தான் அது சட்டுன்னு எடுத்துக் கொடுக்கும்!"

"கத்தாதே பெய்ஷுவான். திக்கறதுக்குக் காரணம் அந்தப் பச்சைப் பொட்டலம். தேதி முடிஞ்சுபோச்சு."

தைவானில், ஷின்ச்சுவில் எங்கள் சந்து முனைக் காலைக்கடை. பக்கத்து மேசையில் நான். சோயாப்பால் ஆறினால் ஆறட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். இருவரும் ஒரே கம்பெனியில் நினைவகச் சிப் வடிவமைக்கிறவர்கள், ஆளுக்கொரு குழுவுக்குத் தலைவர். சோதனை இயந்திரத்தின் தலையில் பச்சை உறைச் சோளப்பொரி வைத்தால் அது ஒழுங்காக ஓடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பொட்டலத்தைக் குறை சொன்ன சிங்யாவ் பெரிய படிப்புக்காரன். சோதனை வீடியோ சிப்பில் திக்கியதும் முதலில் பொரியின் தேதியைத்தான் பார்த்திருக்கிறான்!

சிப்பில் மிச்சமிருந்தது கொஞ்சம் இடம். அதில் அடிக்கடி கேட்பதைக் கையெட்டும் தூரத்தில் வைக்கும் கேஷைப் பெருக்கலாம் என்றான் அவன். நினைவகத்தை, ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் இன்னும் பல பேங்குகளாகப் பிரிக்கலாம் என்றாள் பெய்ஷுவான். வெள்ளிக்கிழமை முடிவு. தோற்றவர் குழு கலைந்து, தலைவர் தெற்கே தைனான் கிளைக்கு மாற்றல். பாவம், அவள் அப்போதுதான் எங்கள் சந்தில் வீடு வாங்கியிருந்தாள்.

"வீடியோல ஒரு படம் போனா போனதுதான். அதை யாரு திரும்பக் கேக்கறா? கடைக்கார அக்காவைப் பாரு. ஒரு கல்லைச் சுரண்டும்போது அடுத்த கல்லுல முட்டை ரொட்டி ஊத்தறாங்க. நம்ம சிப்புல அடுத்தடுத்த டேட்டா முகவரி எல்லாம் ஒரே பேங்குக்குப் போய் வரிசைல நிக்குது. மத்தது ஈ ஓட்டுது."

"என் கடையில ஈயா? எங்கே?" என்று கரண்டியோடு திரும்பினாள் கடைக்காரி ஷ்யூமெய்.

அப்புறம் நடந்ததைச் சொன்னவர் அந்த அலுவலகக் காவலாளி. எனக்கு மச்சான் முறை. சிங்யாவ் புதுப் பொட்டலம் வைத்தான். திக்கியது. கேஷைப் பெருக்கினான். அப்போதும் திக்கியது. கடைசியில், வேண்டாவெறுப்பாக, பேங்குகளைக் கூட்டி, முகவரிகளை அவற்றுக்கு மாற்றி மாற்றிப் பங்கிட்டுப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு ஓடியது.

என் மச்சானை விட்டால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். மூடி மறைத்திருக்கலாம். மடையன், நேரே மேலாளரிடம் போய், "இடத்தை அவளுக்கே குடுத்துடுங்க சார்" என்றானாம்.

தைனானுக்குப் போனது அவன்தான். பெய்ஷுவானும் பின்னாலேயே போவாள் என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்து என் மானம் போனதுதான் மிச்சம். அவள் மறுவருஷம் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறாள். அவன் தைனானில் மீன்கஞ்சிக் கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு நன்றாக ஊதிப்போய்விட்டானாம்.