மூடியின் மேல் ஒரு கை

தாழியைத் தட்டுகிற இடம்தான் நான்சியின் நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்கு ரொம்பவும் பிடித்த இடம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில், தொல்லியல் துறைக்குப் பின்பக்கம் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. நான்சி வேலைக்கு வரும்வரை அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. வெளியூரிலிருந்து யாராவது பெரிய மனிதர் வந்தால் திறந்து தூசி தட்டுவார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் உள்ளே கொண்டுவந்தே தீருவது என்று துறைத் தலைவர் வீரமுத்துதான் பிடிவாதமாக நின்றார். தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்த நான்சியை அதற்கென்றே எடுத்தார்.

அவள் வந்த பிறகு அந்தக் கட்டடத்துக்கு உயிர் வந்தது. வார நாட்களில் பள்ளிப் பேருந்துகள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். பிள்ளைகள் களிமண்ணில் பானை பிடிப்பார்கள். அப்பாக்கள் கற்கோடரியைக் கையில் வாங்கி எடை பார்ப்பார்கள். வரும்போது கூச்சப்பட்டு ஓரமாய் நிற்கும் அம்மாக்கள், போகும்போது “அடுத்த வாரமும் இருக்குதா மிஸ்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எல்லாம் முடிந்து கடைசியாகத் தாழி அறை.

கல்வராயன் மலையடிவாரத்தில் யாரோ கிணறு வெட்டும்போது கிடைத்த தாழி அது. பழங்காலத்தில் இறந்தவர்களை உட்கார வைத்துப் புதைத்த பெரிய மண்சாடி. வாய் மேல் ஒரு பலகைக்கல், விளிம்பெல்லாம் களிமண் பூசி அடைத்திருந்தது. உடையாமல் அப்படியே தூக்கி வந்து மணல் படுக்கையில் நிறுத்தியிருந்தார்கள். திறந்து ஆராய அனுமதி கேட்டு எழுதியிருந்தார் வீரமுத்து. அனுமதி வரும்வரை மூடிய அந்தத் தாழி நான்சிக்குக் கிடைத்த வரம்.

பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைப்பாள். குரலைத் தாழ்த்துவாள். “இதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு இந்த ஒலகத்துல யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது. கேட்டுப் பாக்கலாமா?” என்பாள். மூடிக்கல்லை விரல் முட்டியால் தட்டி, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிடுவாள். பிள்ளைகள் கிறீச்சிட்டுச் சிரிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு தாளும் கிரேயானும் கொடுத்து, உள்ளே இருப்பதாக நினைப்பதை வரையச் சொல்வாள். அவர்கள் வரைந்து முடிக்கிறவரை, உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தபடி சாய்ந்து நின்றிருப்பாள். தங்கக் காசு, பாம்பு, மீசை வைத்த ராஜா. ஒருமுறை ஒரு பையன் பிரியாணி அண்டா வரைந்தான். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவாள்.

ஆவணி மாத மழையில் ரிஷிவந்தியத்துப் பக்கமிருந்து ஒரு பள்ளி வந்தது. அன்று நாலைந்து பிள்ளைகள் ஒரே மாதிரி வரைந்திருந்தார்கள். தாழிக்குள் முழங்காலைக் கட்டி உட்கார்ந்த ஒரு பெண். ஒரு கை மட்டும் மேலே போய் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்து வரைந்திருப்பார்கள் என்று நான்சி சிரித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு திருக்கோவிலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுடைய பையனுக்கும் ரிஷிவந்தியத்துப் பிள்ளைகளுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. ஆனால் அதே பெண், அதே கை.

“யாருப்பா இது?” என்று நான்சி கேட்டாள்.

“உள்ள கீற அக்கா.”

“கைய மேல தூக்கிக்கினு இன்னா பண்றாங்க?”

“மூடியத் தொறக்கறாங்க மிஸ். முடியல,” என்று சொல்லிவிட்டுப் பையன் பச்சை கிரேயானைத் தேடப் போனான்.

நான்சி அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டவில்லை. எடுத்துக்கொண்டு போய் வீரமுத்துவின் மேசையில் பரப்பினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“கூடத்துல விளக்கப் பலகை ஒண்ணு மாட்டியிருக்கோமே, தாழிக்குள்ள ஆள் உக்காந்த மாதிரி? அதப் பாத்துட்டு வந்து வரையறாங்க. பசங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது, நான்சி.”

“பலகையில கை மடியிலதான சார் இருக்குது?”

“ஒருத்தன் தூக்கி வரைஞ்சிருப்பான். மத்ததுங்க அதப் பாத்திருக்கும்.”

சரிதான் என்று அவளுக்கும் பட்டது. ஆனாலும் அன்றே அந்தப் பலகையின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டாள்.

அதனால் ஒன்றும் மாறவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படி வரைந்தார்கள் என்றில்லை. பாம்பும் ராஜாவும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு மூன்று பேராவது அந்தப் பெண்ணை வரைந்தார்கள். அதைவிட நான்சியை உறுத்தியது வேறொன்று. அவளை வரைகிற பிள்ளைகள், தாழியைத் தட்டும்போது சிரிக்கவில்லை. மற்றவர்கள் கிறீச்சிடும்போது அவர்கள் மட்டும் தலையைச் சாய்த்து, யாரோ பேசுவதை இடையில் வெட்டாமல் கேட்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் காலை, யாரும் வருவதற்கு முன் அவள் மட்டும் அறையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. மூடிக்கல்லின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைக்கப் போனாள். கல் சில்லென்று இருந்தது. வழக்கமாக அவள் உள்ளங்கை வைக்கும் இடத்தில் மட்டும் வெதுவெதுப்பு. இத்தனை நாளும் அதை உணர்ந்திருக்கிறாள்; தன் கைச்சூடு என்றே நினைத்திருந்தாள். அன்று துணி படும்வரை அவள் அங்கே கையே வைத்திருக்கவில்லை.

ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். பேருந்து வந்து பிள்ளைகள் இறங்கும்வரை அவள் மறுபடி உள்ளே போகவில்லை.

புரட்டாசி கடைசியில் மலைக் கிராமங்களின் குடும்பங்களுக்கென்று ஒரு ஞாயிறு ஒதுக்கியிருந்தார்கள். பல்கலைக்கழகப் பேருந்து வெள்ளிமலை வரை போய் அழைத்து வந்தது. பெரியநாயகி என்ற பெண் தன் மகள் தமிழ்மொழியோடு வந்திருந்தாள். தமிழ்மொழி மூன்றாம் வகுப்பு. பேச்சு கம்மி. களிமண் பிசையும்போதுகூட அம்மாவின் முந்தானையை விடவில்லை.

தாழி அறையில் அன்று தட்ட வேண்டாம் என்று நான்சி தீர்மானித்திருந்தாள். கூப்பிடவும் இல்லை. “உங்களுக்குத் தோணறத வரைங்க,” என்று மட்டும் சொன்னாள். குடும்பம் குடும்பமாகக் குனிந்து வரைந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டும்.

தமிழ்மொழி தாளைத் தானாகவே எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். தாழி, உள்ளே அந்தப் பெண், மேலே தூக்கிய கை. இதுவரை யாரும் வரையாத ஒன்றும் இருந்தது. தாழிக்கு வெளியே இன்னொரு பெண். சேலை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அவளுடைய கையும் மூடியின் மேல் இருந்தது.

“இது நானா கண்ணு?” என்றாள் நான்சி.

தமிழ்மொழி தலையாட்டினாள்.

“நான் இன்னா பண்ணிக்கினு கீறேன்?”

“அமுக்கிக்கினு கீறீங்க.”

“ஏன்?”

“தெரியல. அவங்க வுடு வுடுன்னு சொல்றாங்க. நீங்க வுட மாட்டேன்றீங்க.”

பெரியநாயகி பின்னாலேயே எழுந்து வந்திருந்தாள். மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “மிஸ்ஸு, தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல அந்தக் கைய எடுங்க,” என்றாள்.

நான்சி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை மூடிக்கல்லின் மேல் விரித்தபடி இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கடுத்தது, வெகுநேரமாக முழுப் பலத்தோடு எதையோ அழுத்திக்கொண்டிருந்ததைப் போல. கையைத் தூக்கினாள். உள்ளங்கை சிவந்து கல்லின் சொரசொரப்பு பதிந்திருந்தது.

அன்று மலைக்காரர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நேரே வீரமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கொடுத்த காபியைத் தொடவில்லை.

“தொறந்துடலாம் சார்.”

“அனுமதி வந்துடுச்சு. தை மாசம் மாணவர்களை வெச்சுக்கினு செய்யலாம்னு இருந்தேன்.”

“தை வரைக்கும் வாணாம் சார். நான் தெனம் அந்த ரூமுக்குப் போறவ.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்திருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி,” என்றார்.

அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை காலை, கயிறு கட்டிச் சங்கிலிக் கப்பியில் மூடிக்கல்லைத் தூக்கினார்கள். நான்சி கதவருகே நின்றாள். கல் அசைந்தபோது பழைய காற்று வருமென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. தாழி வாய்வரை மண் நிரம்பியிருந்தது, யாரோ குத்திக் குத்திக் கெட்டியாக்கியதைப் போல.

வீரமுத்து ஸ்டூல் போட்டு ஏறி, சிறு கரண்டியும் தூரிகையுமாக வேலையைத் தொடங்கினார். அவர் முதுகைப் பார்த்தபடியே நான்சி நின்றிருந்தாள். தூரிகையின் சரசரப்பு திடீரென்று நின்றது.

“இங்க வாங்க நான்சி.”

மண்ணின் மேல்பரப்பிலிருந்து விரற்கடை ஆழம்கூட இல்லை. பழுப்பேறிய சிறிய எலும்புகள் நேராக நின்றன. விரல் நுனிகள். ஐந்தும் விரிந்து, கல் இருந்த பக்கத்தைப் பார்த்தபடி. மூடியில் தான் கை வைக்கும் இடம் இதற்கு நேர் மேலே என்று நான்சிக்கு யோசிக்காமலே தெரிந்தது.

“வழக்கமா தலைதான் மொதல்ல கெடைக்கும்,” என்றார் வீரமுத்து. குரல் அவருடையது போலவே இல்லை. “கை மடியில இருக்கும், இல்ல பக்கத்துல சரிஞ்சு கெடக்கும். தானா இப்படி நிக்காது. சுத்தி மண்ணு தாங்கிப் புடிச்சாதான் நிக்கும். அப்போ மண்ணு போடும்போது கை ஏற்கெனவே மேல…”

தூரிகையைக் கீழே வைத்தார்.

“செத்தவங்க கை மேல நிக்குமா சார்?”

வீரமுத்து ஸ்டூலிலிருந்து இறங்கிக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். “அத நான் அறிக்கையில எழுத முடியாது நான்சி. இந்த ஆதாரம் பத்தாது.”

எலும்புகளை எடுத்து முடிக்கப் பல நாட்களாயின. வயது அதிகமில்லாத பெண் என்று தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. என்ன பெயர், யாருக்கு என்ன செய்தாள், உள்ளே வைத்தபோது சுற்றி நின்றவர்கள் அழுதார்களா என்பதற்கெல்லாம் பதில் சொல்லும் எலும்பு எதுவும் இல்லை. பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காலித் தாழியைக் கூடத்துக்கு மாற்றினார்கள். ஞாயிறு நிகழ்ச்சி மறுபடி தொடங்கியது. நான்சி பானையும் கோடரியும் காட்டினாள். தட்டும் விளையாட்டை அடியோடு விட்டுவிட்டாள். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தினமும் தட்டிக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் திறக்க வரும்போது வெளியே நின்று தாழ்ப்பாளை இழுத்துப் பிடித்துக்கொண்டதைப் போல இருந்தது அவளுக்கு, நினைக்கும்போதெல்லாம்.

கல்லறைத் திருநாள் வந்தது. வடக்கனந்தலில் நான்சியின் அப்பா அந்தோணிதாஸின் கல்லறைக்கு அம்மா ரீத்தாவோடு போனாள். முந்தின நாளே வெள்ளையடித்து, காலையில் சாமந்திப்பூ சாத்தியாகிவிட்டது. சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கு பார்த்தாலும் மெழுகுவத்தி, ஊதுபத்திப் புகை, சொந்தக்காரர்களின் பேச்சு. ரீத்தாவுக்குக் கண்ணில் புரை. வருகிற தையில் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்கள் வெறும் உருவமாகத்தான் தெரிவார்கள்.

நான்சி குனிந்து கல்லறையின் தலைமாட்டில் மெழுகுவத்திகளை நட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் தாழியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்லுவாள்.

“நான்சி, உங்கூட வந்த பொண்ண இப்புடி தள்ளி நிக்கச் சொல்லு. மெழுகு கால்ல சொட்டிடப் போவுது,” என்றாள் ரீத்தா.

நான்சியின் கை மெழுகுவத்தியோடு நின்றது. அவள் திரும்பவில்லை. தன் வலது தோளுக்குப் பின்னால், புகையும் பேச்சும் நிறைந்த அந்த இடத்தில், ஒருவர் நிற்கும் அளவுக்கு மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.

“எந்தப் பொண்ணும்மா?”

“இன்னாடி இது, வந்ததுலருந்து உம் பின்னாலயே நின்னுக்கினு கீது. ஆபீசுல கூட வேல செய்ற பொண்ணா? பாவம், வாயத் தொறக்கல. வூட்டுக்கு வந்து சாப்ட்டுப் போவச் சொல்லு.”

நான்சி கையிலிருந்த மெழுகுவத்தியைப் பற்ற வைத்தாள். அப்பாவின் கல்லறையில் வைக்காமல், பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாத வெறுமண்ணில் ஊன்றினாள். பயந்தாளா என்றால் பயந்தாள். ஆனால் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. திரி பிடித்துக்கொண்டு சுடர் நேராக நின்றது. சுற்றிலும் மற்ற சுடர்களெல்லாம் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தன.

“வரச் சொல்றேம்மா,” என்றாள்.

வெளிச்சம் போவதற்குள் கிளம்பினார்கள். கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. நான்சி அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அம்மாவை முதலில் வெளியே விட்டாள். ரீத்தா ரோட்டில் தடவித் தடவி நடக்கத் தொடங்கிய பிறகும், கதவை விடாமல் அங்கேயே நின்றாள்.

“இன்னும் இன்னாத்துக்கு அங்க நின்னுக்கினு கீற?” என்று அம்மா கூப்பிட்டாள்.

“தோ வரேன்,” என்றாள் நான்சி. கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தாள்.