மஞ்சள் மட்டும் மிச்சம்

மகள் முதல்முதலாகச் "சிவப்பு" என்று சொன்ன நொடியில், பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் அவள் அப்பாவின் கண்ணிலிருந்து சிவப்பு போய்விட்டது. சத்தம் இல்லை, வலி இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் இருந்தது. அவள் விரல் நீட்டிச் சொன்னாள். டம்ளர், துணி அலசிய தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. டியூப் லைட்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மழலைகூட மாறாத வாண்டு நிறத்தின் பெயரைச் சொன்னால் எந்த அப்பனுக்குத் தலைகால் புரியும்?

அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். மறுநாளே கடையிலிருந்து, நிற மாதிரிகள் பெயரோடு அச்சிட்ட ஷேட் கார்டைக் கொண்டுவந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார். மற்ற குழந்தைகள் பச்சை, நீலம் என்று திக்கித் திணறும் வயதில் இவள் கிளிப்பச்சை வேறு, பாசிப்பச்சை வேறு என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். கடையில் டின்கள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டே வந்தன. அவர் கம்பெனி சேல்ஸ்மேனைக் கூப்பிட்டு, சரக்கில் தண்ணீர் கலக்கிறீர்கள் என்று சண்டை போட்டார். சேல்ஸ்மேன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயம் வெடித்தது பல் டாக்டர் கிளினிக்கில். சுவருக்கு ஆகாய நீலம் கேட்டிருந்தார்கள். இவர் கண்ணளவில் கலந்து அனுப்பியது, அப்போதுதான் பல் பிடுங்கிய ஈறின் நிறம். நான்கு சுவரும் அதே நிறம். வாயைப் பிளந்துகொண்டு வந்தவர்கள் மூடிக்கொண்டு ஓடினார்கள். கடை முதலாளி இவரைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார்.

"கண்ணை டெஸ்ட் பண்ணிட்டு வா. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, உனக்கும் எனக்கும் சரியா வராது."

அவர் மனைவி வேலை பார்த்தது மூக்குக் கண்ணாடிக் கடையில். அதன் மாடியிலேயே கண் டாக்டர் இருந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னார், பிறகு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஜலதோஷம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"குழந்தை கலர் சொல்ல ஆரம்பிச்சிருக்குமே?"

"எல்லாமே சொல்லுவா சார். கெட்டிக்காரி."

"அதான். அது உங்ககிட்டேர்ந்து வாங்கிக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல." டாக்டர் உதட்டைக் குவித்து ஊதினார். வெறும் காற்று வந்தது. "காலேஜ்ல நான் விசிலடிச்சா தெருவே திரும்பும். என் பையன் விசிலடிக்கக் கத்துக்கிட்டான். அன்னியோட சரி. உங்க முதலாளி என்னிக்காவது படியேறிப் பாத்திருக்கீங்களா?"

முதலாளி மூன்று மாடி வைத்து வீடு கட்டிவிட்டு, கீழே ஷெட்டில் கட்டில் போட்டுப் படுப்பது ஊருக்கே தெரியும். கஞ்சத்தனம், மாடியை வாடகைக்கு விடப் போகிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

"அவர் மூத்த பொண்ணு படியேறப் பழகினா. இவருக்கு முதல் படியிலேயே கால் எழும்பல."

"அப்போ எல்லாருக்குமா?"

"பெத்தவங்க எல்லாருக்கும்."

"அடப்பாவிகளா! ஏன் சார் ஒருத்தர்கூடச் சொல்லல?"

"சொல்லியிருந்தா பெத்திருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

இடி விழுந்தவர் போல் படியிறங்கி வந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரம். மனைவி பிரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அவள் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சி. துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு, "இங்க வாங்க" என்று அவரைக் கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பக்கத்தில் தோளோடு தோளாக நின்றாள். கண்ணாடியில் அவர் மட்டும் இருந்தார். அவர் கையைப் பிடித்திருந்த அவள் கை கண்ணாடியில் இல்லை.

"எப்போலேர்ந்து?"

"பாப்பா கண்ணாடியில தன்னைப் பாத்துச் சிரிச்சாளே, அன்னிலேர்ந்து."

"இத்தனை கண்ணாடிக்கு நடுவுல நிக்கிறியே, வர்றவங்க கேக்கலையா?"

"வர்றவங்க அவங்க மூஞ்சியத்தானே பாக்கறாங்க? நீங்களே பாக்கலையே."

கோணல் வகிடு அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக அவள் வகிடு நெற்றியில் கிளம்பி உச்சிக்குப் போவதற்குள் நாலு இடத்தில் வளைந்தது. ரோடு போட்ட கான்ட்ராக்டர் யார் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் கிண்டல் செய்திருக்கிறார். அவளும் கூடவே சிரித்திருக்கிறாள். அன்று முதல் காலையில் அவளுக்கு வகிடெடுத்து விடுவது அவர் வேலையாயிற்று.

கணக்குப் பார்த்ததில் அவரிடம் மிஞ்சியது மஞ்சள். ஷேட் கார்டின் கடைசிப் பக்கம். மகள் அதுவரை வரவில்லை. முதலாளி விஷயத்தைக் கேட்டதும் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்து, எலுமிச்சை, சந்தனம், வெண்ணெய் நிறங்களை மட்டும் இவர் கலக்கட்டும் என்றார். "அதுவும் போச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கோ" என்றும் சொன்னார். அந்த வீட்டிலிருந்து மஞ்சள் வெளியேறியது. திரைச்சீலை போனது. வாழைப்பழம் வாசலிலேயே உரிக்கப்பட்டது. அவித்த முட்டையின் கருவை அம்மா சமையலறையிலேயே தின்றுவிட்டு வெள்ளையை மட்டும் கொண்டுவந்தாள். கிரேயான் டப்பாவில் ஒரு குழி காலியாக இருந்தது. வானத்தைக் காட்டி மகள் கேட்டால், "அண்ணாந்து பாக்காத, கண்ணு கூசும்" என்றார்கள். பெயர் தெரியாமல் எத்தனை பார்த்தாலும் பாதகமில்லை, பெயர் தெரிந்துவிட்டால்தான் போய்விடும் என்பதை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். அப்படியே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தார்கள்.

ஒருநாள் டீச்சர் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இவர் போனபோது மகள் வராந்தா பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லா வீட்டுலயும் ஏதோ ஒண்ணை மறைச்சுத்தான் சார் அனுப்புறாங்க," என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். "போன வருஷம் ஒரு பையன் ஸ்கிப்பிங் கயிறையே பாத்ததில்ல. நாங்க அதையெல்லாம் தொடறதில்ல. ஆனா இவ கத்தரிக்கோலை எடுத்துட்டா."

மகளின் மடியில் இருந்த தாளில் வீடு இருந்தது, மரம் இருந்தது, அப்பா அம்மா நடுவில் மகள் இருந்தாள். எந்த நிறமும் கோட்டைத் தாண்டவில்லை. வானத்தில் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓட்டை.

"என்கிட்ட அதுக்கு கலர் இல்லப்பா," என்றாள் மகள். "அதான் வெட்டிட்டேன். இப்படித் தூக்கிப் பிடிச்சா சரியாயிடும். பாரு."

பெஞ்சின் மேல் ஏறி நின்று தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஓட்டை வழியாக வெயில் வந்து அவர் சட்டைப் பையின் மேல் வட்டமாக விழுந்தது. அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த அத்தனை நிறமும் அந்த வட்டத்துக்குள் இருந்தது. வேலை அதற்குள் இருந்தது, வீட்டு வாடகை அதற்குள் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளுக்குக் கை வலித்தது. தாள் நடுங்கியது. ஆனாலும் அவள் இறக்கவில்லை.

"இதுக்குப் பேரு என்னப்பா?"

"மஞ்சள்," என்றார்.

"மஞ்சள்!" என்று அவள் கத்தியது மைதானம் வரை கேட்டது. வெயில், துணி அலசிய தண்ணீராகி அவர் சட்டையில் வழிந்தது. அவள் பெஞ்சிலிருந்து குதித்து, அங்கே மஞ்சள், இங்கே மஞ்சள் என்று ஓடிக்கொண்டிருந்தாள். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

மறுநாள் முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, முடியாது என்று தான் சொல்லி வைத்திருந்ததை மறந்தவர் போல, "கலக்க வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ கவுன்ட்டர்ல நில்லு. பேசறதுக்குக் கலர் எதுக்கு?" என்றார்.

சில மாதம் கழித்து ஓர் இளம் ஜோடி கடைக்கு வந்தது. அவளுக்கு நிறைமாதம். குழந்தையின் அறைக்கு மஞ்சள் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கவுன்ட்டர் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணா சார்?" என்று அந்தப் பையன் சிரித்தான். "நாங்க புதுசு. குழந்தைன்னா செலவு ரொம்ப ஆகுமா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். கல்லாவில் முதலாளி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"டயப்பர்தான் கொஞ்சம் விலை ஜாஸ்தி," என்றார் அவர். "மத்தபடி ஒண்ணும் பெருசா இல்ல." பிறகு, சாம்பல் நிறமாகத் தெரிந்த டின்னை எடுத்து, மூடியைத் துடைத்து, அந்தப் பையன் முன்னால் வைத்தார். "நல்ல கலர். எடுத்துக்கோங்க."